வல்லை வெளியில் நின்றுவிடும் மொறிஸ் மைனர்

எங்கள் பழைய கார், ‘மொறிஸ் மைனர் 1000’, யாழ்ப்பாண ரவுணுக்குள் ஓடும்போது எந்தக் குறையும் காட்டாது. நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் என்று எங்கு போனாலும் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பும். பருத்தித்துறை வீதியில் ஏறி, கோப்பாய், நீர்வேலி தாண்டி, ஒரே வேகத்தில் கொஞ்சத் தூரம் விட்டால்தான் வில்லங்கம். வல்லை வெளிக்கு வரும்போது இழுவை குறையும். அக்சிலேற்றரை மிதித்தால் விக்கும். பிறகு இரண்டு தரம் இருமிவிட்டு, வீட்டு நிழல்கூட இல்லாத அந்த வெட்டைக்குள் நின்றுவிடும். பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு ஸ்ராட் பண்ணினால் ஒன்றுமே நடக்காததுபோல் நெல்லியடி வரைக்கும் போகும்.

இந்த வருத்தம் எங்களிடம் வந்து கனகாலம். பிளக் மாற்றியாயிற்று. பொயின்ற், கண்டென்சர், கொயில் எல்லாம் புதிது. கராஜில் விட்டால் பெற்றோல் லைனுக்குக் காற்றடித்துத் தருவார்கள், சில கிழமைக்கு நன்றாக ஓடும், பிறகு பழையபடி. ஒரே வருத்தம், ஒரே வைத்தியம், ஒரே அளவு சுகம். காற்றடித்தால் சுகம் வருகிறது, ஆனால் அந்தச் சுகம் நிலைப்பதில்லை என்றால் அதுவே ஒரு தடயம். இந்த முறை அந்தத் தடயத்தின் பின்னால் கடைசிவரை போவது என்று முடிவெடுத்தேன்.

முதல் கேள்வி, குறை நெருப்பிலா (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பக்கம்) பெற்றோலிலா என்பது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைப் பிரித்துவிடலாம். கொயில் அல்லது கண்டென்சர் கைவிட்டால் எஞ்சின் சட்டென்று அறுந்துவிடும். பெற்றோல் குறைந்தால் விக்கி, இழுத்து, மெல்லச் சாகும். இன்னொரு சோதனை, விக்கத் தொடங்கியவுடன் சோக்கை இழுத்துப் பார்ப்பது. எங்கள் காரில் இருப்பது எஸ்.யூ. என்ற கம்பனியின் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்). அதில் சோக்கை இழுத்தால் ஜெற் (பெற்றோல் வரும் சிறு குழல்) கீழே இறங்கி, இருக்கிற பெற்றோலில் கூடுதலான பங்கை உள்ளே விடும். எங்கள் காரில் சோக்கை இழுத்தவுடன் அரை நிமிடத்துக்கு உயிர் வந்தது. அதோடு கொயிலைப் பற்றிய கதை முடிந்தது.

இரண்டாவது கேள்வி வெக்கை. யாழ்ப்பாணத்தில் பழைய கார் வீதியில் நின்றால் பார்த்துக்கொண்டு போகிறவர் எல்லோரும் சொல்வது, "பெற்றோல் ஆவியாகி லொக் ஆகிட்டுது" என்பதுதான். அது பொய்யான வருத்தம் என்று சொல்ல மாட்டேன். மைனரில் பெற்றோல் ராங்கி (தாங்கி) பின்னால் டிக்கிக்குக் கீழே இருக்கிறது, பம்ப் முன்னால் எஞ்சின் பக்கம் இருக்கிறது. பம்ப் அவ்வளவு தூரத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் பெற்றோல் சாதாரணமாகக் கொதிக்கும் சூட்டுக்கு முன்னமே குமிழ்விடத் தொடங்கும். அதற்காகத்தான் பம்பில் ஈரத் துணி சுற்றுவதும், குழாயில் உடுப்புக் கிளிப் மாட்டுவதும். ஆனால் மார்கழி மாதம் விடிய நாலரைக்கு, கண்ணாடியில் பனி படிந்திருக்க, அம்மாவைச் சந்நிதி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும் கார் அதே வெளியில் அதேபோல் நின்றது. வெக்கைதான் காரணம் என்றால் அந்த நேரத்தில் நிற்க வழியில்லை.

மூன்றாவது, "பம்ப் பலமில்லை, மாத்துங்கோ அண்ணை" என்ற அறிவுரை. இதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் மைனர் 1098 சீசீ. லீற்றருக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் அளவில் ஓடும். மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு நாலு லீற்றர்கூடச் செலவாகாது. நிமிடத்துக்கு 65 மில்லிலீற்றர் வரும். இதில் பூட்டியிருக்கிற எஸ்.யூ. மின்பம்ப் நல்ல நிலையில் இருந்தால் மணிக்கு 8 கலன், அதாவது 36 லீற்றர் அளவில் இறைக்கும். நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றர். தேவையைவிட ஒன்பது மடங்கு. பம்ப் பாதிப் பலத்தை இழந்தாலும் எஞ்சினுக்குத் தெரியவே வராது. சம தரையில் 50இல் போகிற கார் பெற்றோல் இல்லாமல் நிற்கிறது என்றால் பாதை எங்கோ ஏறக்குறைய முழுதாக அடைபட்டிருக்க வேண்டும். அதுவும் பத்து நிமிடத்தில் தானாகத் திறக்கிற அடைப்பு.

இந்தக் கணக்கோடு நெல்லியடியில் ஓய்வாக இருக்கும் ஒரு பழைய மெக்கானிக் ஐயாவிடம் போனேன். ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார்கள் ஓடிய காலத்து ஆள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, கார் நிக்கேக்க பம்ப் என்ன சொல்லுது எண்டு கேட்டனியோ?" நான் இல்லை என்றேன். "நிண்ட உடனை சுவிச்சை ஓஃப் பண்ணாதை. காதைக் குடுத்துக் கேள். அது எல்லாம் சொல்லும்."

உண்மையில் எஸ்.யூ. பம்ப் நிறையச் சொல்கிறது. சுவிச்சைப் போட்டதும் கடகடவென்று தட்டி, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் மெதுவாகி அடங்கினால் எல்லாம் சரி. நிற்காமல் வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ராங்கி வெறுமை. தட்டவே இல்லை என்றால் மின்சாரம், ஏர்த், அல்லது பம்பின் பொயின்ற். தட்டுகிறது, ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் நீண்ட நேரம் எடுத்து முக்கி முக்கித் தட்டுகிறது, அதேநேரம் காபரேற்றரில் பெற்றோல் இல்லை என்றால், உறிஞ்ச வேண்டியதை உறிஞ்ச முடியாமல் இருக்கிறது.

அதனால் காரை வேண்டுமென்றே நிற்க வைக்கப் போனோம். நானும் மருமகனும். கொண்டுபோன சாமான்: குழாய்களை இணைக்கும் யூனியன்களுக்கு அளவான இரண்டு ஸ்பானர், ஒரு முழம் பெற்றோல் ஹோஸ், அளவுக் கோடு போட்ட தகர டப்பா, மூடி இறுக்கமான சிறு தகரக் கலனில் ஒரு லீற்றர் பெற்றோல், கால்பம்ப், பழந்துணி, தீயணைப்பான். கடைசியில் சொன்னது இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. மைனரில் காபரேற்றரும் சைலன்சருக்குப் போகிற சூடான மனிபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. மேலே சிந்தினால் கீழே சூட்டில்தான் விழும்.

ஆவரங்காலில் இருந்து 55இல் பிடித்தபடி விட்டேன். வெளியின் நடுவில் சொல்லிவைத்தாற்போல் விக்கியது. ஓரமாக ஒதுக்கி, சுவிச்சை அப்படியே விட்டு, பொனற்றைத் திறந்தோம். டக். நீண்ட மௌனம். டக். மருமகன் தன் காதைப் பம்புக்குக் கிட்டக் கொண்டுபோய், "மாமா, இது இழுக்கக் கஷ்டப்படுது" என்றான்.

அடுத்து மூடி. ராங்கிக்குள் பெற்றோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். வழி இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பை இழுக்க விடாது. மூடியைக் கழற்றினேன். "உஸ்" என்ற சத்தம் வரவில்லை, பம்பின் தட்டலும் மாறவில்லை. ஆகவே மூடியில் குறையில்லை.

பிறகு சுவிச்சை நிறுத்தி, எஞ்சின் சற்று ஆறும்வரை காத்திருந்து, காபரேற்றருக்கு வருகிற குழாயைக் கழற்றி டப்பாவுக்குள் நீட்டினோம். இந்தக் காத்திருப்பில்தான் சிக்கல்: ஆறவிட்டால் வருத்தமும் மறைந்துவிடும் என்று தெரியும். அதனால் பம்பை மட்டும் இடைக்கிடை சில விநாடி ஓடவிட்டு உறிஞ்சலைத் தக்கவைத்தோம். டப்பாவுக்குள் வந்தது ஒரு நிமிடத்துக்குத் தேத்தண்ணிக் கோப்பையில் கால்வாசிகூட இல்லை. காபரேற்றரின் கிண்ணத்துக்குள் பெற்றோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி வால்வு இதில் குற்றவாளி இல்லை என்பது அதோடு தெளிவு. ஊசி அடைத்திருந்தால் குழாயைக் கழற்றியதும் பெற்றோல் பாய்ந்திருக்கும்.

அடுத்து ராங்கியிலிருந்து பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றி, பம்பின் வாயில் எங்கள் ஹோஸைப் பூட்டி, மறுமுனையைக் கலனுக்குள் விட்டோம். சுவிச்சைப் போட்டதும் கடகடவென்று தட்டி டப்பா நிறையத் தொடங்கியது. நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல். எல்லோரும் மாற்றச் சொன்ன பம்ப் நல்ல பம்ப்.

மிஞ்சியது குழாயும் ராங்கியும். கழற்றிய குழாயில் கால்பம்பைப் பொருத்தி மெல்ல மிதித்தேன். மருமகன் ராங்கி வாயில் காதை வைத்திருந்தான். முதல் மிதியில் கால் இறங்க மறுத்தது. பிறகு "பொக்" என்று ஒரு சத்தம், அதற்குப் பின் குமிழிச் சத்தம் தாராளமாக. குழாய் முழுக்க அழுக்குப் பிடித்திருந்தால் இப்படி ஒரே தரத்தில் திறக்காது. ராங்கிக்குள் உறிஞ்சும் குழாயின் வாயில் ஏதோ ஒன்று வந்து ஒட்டுகிறது, தள்ளினால் விலகுகிறது. இளநீர் குடிக்கும்போது ஸ்ரோவின் நுனியில் வழுக்கை வந்து அடைப்பதுபோல. உறிஞ்சிக்கொண்டே இருந்தால் விடாது. நிறுத்தினால் தானே விழுந்துவிடும். பத்து நிமிடத் தவணையின் அர்த்தம் அங்கேதான் விளங்கியது. ரவுணுக்குள் ஏன் வருவதில்லை என்பதும் விளங்கியது: அங்கே நின்று நின்று ஓடுவதால் தொடர்ச்சியான உறிஞ்சல் இல்லை, வந்து ஒட்டுவதற்கு முன் விலகிவிடுகிறது.

இதுவரை காரைத் திறந்த கராஜ்கள் எல்லாம் இந்த இடத்தோடு நிறுத்தியிருக்கின்றன. காற்றடித்தால் ஓடுகிறது, காசு வாங்கியாயிற்று. தள்ளிவிட்ட பொருள் ராங்கிக்குள்ளேயே கிடக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. ராங்கியைக் கழற்றுவது அரைநாள் வேலை, அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்போம்.

ராங்கியை நாங்களே கழற்றினோம். முற்றத்தில், காற்றோட்டமான இடத்தில், அடுப்படிக்கு எதிர்ப்பக்கம். முதலில் பற்றரி வயரைக் கழற்றி, பெற்றோலைத் தகரக் கலன்களுக்கு வடித்தோம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப் போகும். பக்கத்து வீட்டில் குப்பை எரிக்கிறார்களா என்று பார்த்து, அவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். டிக்கியில் ஸ்பெயார் ரயரை எடுத்து, நிரப்புக் குழாய், கேஜ் வயர், பெற்றோல் குழாய் மூன்றையும் விடுவித்து, விளிம்பைச் சுற்றியுள்ள ஆணிகளைக் கழற்றினால் ராங்கி வரும். ஆணிகள்தான் துருவேறி அடம்பிடித்தன. முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தது நல்லதாயிற்று.

ராங்கியைக் குலுக்கியதும் உள்ளே சரசரத்தது. கவிழ்த்துக் கொட்டினால் மண்நிறத் துருப்பொடி, கொஞ்சம் தண்ணீர், அவற்றோடு நகம் அளவில் இருந்து பெரிய நாணயம் அளவு வரையில் மெல்லிய, வளைந்த, மஞ்சள் நிறச் செதில்கள். ஒரு செதிலை உறிஞ்சும் குழாயின் வாயில் வைத்து மறுமுனையில் வாயால் இழுத்துப் பார்த்தான் மருமகன் (குழாயை முதலில் கழுவிக் காயவைத்துத்தான்). கச்சிதமாக மூடியது.

அந்தச் செதில் எங்கிருந்து வந்தது என்பதை என் மாமாதான் சொன்னார். கார் அவருடையது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டில் பெற்றோல் கண்ணில் காண்பதே அரிது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் மண்ணெண்ணெய் மணம். 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இந்தக் கார் தென்மராட்சிக்குப் போய், அங்கே ஒரு வளவில் கால்வாசி மண்ணெண்ணெயோடு நீண்டகாலம் நின்றது. அரைகுறையாக நிரம்பிய ராங்கியின் மேற்பகுதியில் காற்றின் ஈரம் இரவில் படியும். தண்ணீர் எரிபொருளைவிடப் பாரம் என்பதால் அடியில் தேங்கும். உப்புக் காற்றும் சேர்ந்தால் தகடு உள்ளிருந்து அரிக்கும். "2002இல ஏ9 பாதை திறந்தாப்பிறகுதான் தம்பி திரும்ப ஓடப் பண்ணினது. ராங்கியில பொட்டுப் பொட்டா ஓட்டை. அப்ப ஆரோ ஒரு பிசினைக் கொண்டுவந்து உள்ளுக்குப் பூசித் தந்தவங்கள்." துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். அப்படிப் பூசினால் பூச்சு தகட்டைப் பிடிக்காது, துருவைத்தான் பிடிக்கும். துரு உதிரும்போது பூச்சும் சேர்ந்து கழன்று வரும். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் கோட் பங்கீட்டு முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களில் நாங்களும் காரை அதிகம் எடுக்காமல் அடிராங்கியோடு நிறுத்தி வைத்திருந்தோம். வருத்தம் கூடியது அதற்குப் பிறகுதான்.

சுத்தம் பண்ணும் வேலை பொறுமைக்குரியது. பழைய பூச்சு இளகத் தின்னர் விட்டு ஊறவைத்து, பெரிய துவாரம் வழியாகக் கம்பியால் சுரண்டி எடுத்தோம். பிறகு மூன்று அடி அளவு மெல்லிய சங்கிலியை உள்ளே போட்டு, சவர்க்காரத் தண்ணீரோடு குலுக்கினோம். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து ஆட்ட வேண்டும், கை விட்டுப்போகும். சங்கிலியை எண்ணி எடுக்கத் தேவையில்லை என்பதால் கல்லு, நட்டு போடுவதைவிட அது நல்லது. அடுத்து, இனிப்புச் செய்கிறவர்கள் வாங்குகிற சிட்ரிக் அமிலத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, நிறைய ஊற்றி, ஒரு இரவு விட்டோம். காலையில் தண்ணீர் கருஞ்சிவப்பாக இருந்தது. அதைக் கொட்டி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் வைத்துக் காற்றடித்துக் காயவைத்தோம். இந்த "உடனே" முக்கியம். அமிலம் கழுவிய தகடு ஈரத்தோடு இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் மீண்டும் செம்மை படரும். காய்ந்ததும் கொஞ்சம் எஞ்சின் ஓயிலும் பெற்றோலும் கலந்து உள்ளே சுழற்றிவிட்டோம்.

ஓட்டைகளை அடைக்க ராங்கியை ரேடியேற்றர் ஒட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். வெல்டிங் வேண்டவே வேண்டாம். கழுவிய ராங்கியிலும் மடிப்புகளில் ஆவி இருக்கும். அது வெடித்து ஆட்கள் போயிருக்கிறார்கள். அவர் ஒட்ட வேண்டிய இடம் மட்டும் மேலே இருக்கும்படி சரித்து, மிச்சம் முழுவதும் தண்ணீர் நிரப்பி, நெருப்பில் சூடாக்கிய இரும்பால் ஈயம் ஒட்டித் தந்தார். உள்ளே மறுபடி பூச்சுப் பூசச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். நான் பூசவில்லை. ஒட்டியது தெரியும், கசிந்தால் தெரியும், மீண்டும் ஒட்டலாம். பூச்சு உரிந்தால் வல்லை வெளியில்தான் தெரியவரும்.

ராங்கி சரியென்றால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. இத்தனை காலம் துருத்தூள் முன்னால் போயிருக்கும். பம்பின் அடியில் உள்ள பித்தளை வலையைக் கழற்றிப் பார்த்தால் அரைவாசி களிமண்ணாக அடைந்திருந்தது. பெற்றோலில் பிரஷ் போட்டுக் கழுவினேன். பம்பின் பொயின்றுகள் முக்கி முக்கி வேலை செய்ததில் கருகியிருந்தன, மெல்லிய எமரித் தாளால் துடைத்தேன். காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தின் அடியிலும் சிவப்புப் படிவு. ஊசி வால்வில் வளையமாகத் தேய்வு இருந்ததால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதியது எடுப்பித்தோம். எங்களுடையதுபோன்ற எச்.எஸ்.2 மாதிரிக் காபரேற்றரில் மிதவையின் உயரம் பார்க்க மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, மிதவைக்கும் மூடிக்கும் இடையில் எட்டிலொரு அங்குலத் தடிப்புள்ள ட்ரில் கம்பியை நுழைத்துப் பார்த்தால் போதும். றப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடித்துப் பார்த்தால் உள்ளே வெடித்திருந்தன. யூனியன்களின் பைபர் வாசர்களோடு எல்லாம் புதிது.

பம்புக்கு முன்னால் உள்ளே தெரியக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பில்டரைப் பூட்டினேன், முதல் மாதத்துக்கு மட்டும். மிச்சமிருக்கும் அழுக்கைக் கண்ணால் பார்க்க அது உதவும். நிரந்தரமாக அங்கே விட விருப்பமில்லை. உறிஞ்சும் பக்கத்தில் எந்தத் தடையும் வெக்கை நேரத்தில் ஆவிக்கு வழிவிடும். முதலில் மங்கலான தூள் சேர்ந்தது, மாதம் முடிய ஒன்றும் சேரவில்லை. பிறகு அதைக் கழற்றி, பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையில், மனிபோல்டுக்கு எட்டத்தில், வேறொன்றைப் பூட்டினேன்.

புது மின்பம்ப் வாங்கிப் பூட்ட நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மைனர் பொசிற்றிவ் ஏர்த் வண்டி, அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இப்போது கடையில் கிடைக்கிற எலெக்ரோனிக் பம்புகளில் பல நெகற்றிவ் ஏர்த்துக்கானவை, மாற்றிக் கொடுத்தால் போட்டவுடன் எரிந்துவிடலாம். மற்றது அழுத்தம். எஸ்.யூ. ஊசி வால்வு குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது. வேறு வண்டியின் பலமான பம்பைப் பூட்டினால் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெற்றோல் வழியும், சூடான மனிபோல்டின் மேல்.

எல்லாம் பூட்டிய பிறகு காபரேற்றர் முனையில் அளந்தேன்: நிமிடத்துக்கு 570 மில்லிலீற்றர், மூன்று நிமிடம் தொடர்ந்து விட்டாலும் குறையவில்லை. சுவிச்சைப் போட்டால் கடகடவென்று தட்டி அடங்குகிறது. பருத்தித்துறை வீதியிலும், ஏ9இல் ஆனையிறவு வரைக்கும், நல்ல வெயிலில் விட்டுப் பார்த்தோம். விக்கல் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டு அச்சுவேலியில் மைனர் வைத்திருக்கும் ஒருவர் தன் காருக்கும் அதே வருத்தம், ராங்கியைக் கழற்றித் தாருங்கள் என்று வந்தார். கழற்ற முன் ஓட்டிப் பார்ப்போம் அண்ணை என்று சொல்லி, கைதடிப் பக்கம் போனோம். நின்றது. பம்ப் அதே முக்கல். மூடியைத் திருகியதும் நீளமாக "உஸ்" என்று காற்று உள்ளே போனது, பம்ப் கடகடவென்று தட்டத் தொடங்கியது. காருக்கு அண்மையில் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். மூடியின் காற்றுத் துளைக்குள் பெயின்ற் இறங்கிக் காய்ந்திருந்தது. தையல் ஊசியைச் சூடாக்காமல், கையால் குத்தியே துளையைத் திறந்தோம். அவருடைய ராங்கியை நாங்கள் தொடவில்லை.